பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்களில் சில வருஷங்களாக ஒரே பேச்சு: "நம்ம ஏரியாவுக்கும் அறிவுசார் மையம் வருதாமே, நூலகம், கூட்ட அரங்கு எல்லாம் ஒரே கட்டடத்தில்?" எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டங்களில் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பொறியாளரும் இல்லை, நூலகத் துறை ஊழியரும் இல்லை. நாற்பது வருஷமாக நூலகப் படி ஏறி இறங்கும் வாசகன், அவ்வளவுதான்.

இருக்கிற நூலகமே காலியாகக் கிடக்கிறது. புதுசு எதற்கு?

காலியா? காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள். எங்கள் நூலகம் வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. கீழே பாத்திரக் கடை. ஆளோடு ஆள் உரசும் படிக்கட்டு. கதவு திறப்பதற்கு முன்பே படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாளிதழ் வந்ததும் நடுப்பக்கம் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில் என்று பிரிந்துவிடும். பூதக்கண்ணாடியோடு வரும் பெரியவர் ஒருவர் தலையங்கப் பக்கத்துக்காகப் பொறுமையாகக் காத்திருப்பார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அந்தப் படி ஏற அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது.

மதியம் போனால் காலியாகத்தான் தெரியும். பல கிளை நூலகங்கள் மதியம் பூட்டியிருக்கும் என்பது கேள்வி கேட்டவருக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் பணம் யாருடையது?

உங்களுடையது. வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. 3,000 ரூபாய் சொத்து வரி என்றால் நூலகத்துக்கு 300. வாடகைக்கு இருப்பவர்களும் நேரடியாக இல்லாவிட்டாலும் வாடகைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் வந்த பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல வருஷம் மன்றாடியவர். அன்பளிப்பையும் ஜமீன்தார் தயவையும் நம்பினால் நூலகம் நிற்காது, வரி வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால்தான் இன்றைக்கும் நூலகத்தை நாம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கட்டிய காசுக்குக் கணக்கு கேட்கலாம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. வரியை வசூலிப்பது மாநகராட்சியோ நகராட்சியோ. செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்தவர் ஆணைக்குழுவுக்கு உடனே அனுப்பாமல் பாக்கி வைப்பது பழைய வியாதி.

கட்டடத்துக்கு வேறு வழிகளும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆனால் இவையெல்லாம் செங்கல், சிமெண்டுக்கு ஆகும் காசு. நூலகர் சம்பளம், கரண்ட் பில், துப்புரவு, புதுப் புத்தகம் எல்லாம் மாதாமாதம் வேறு பையிலிருந்து வரவேண்டும். கட்டடம் திறந்த மூன்றாம் வருஷம் மின்விசிறி சுற்றுமா என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது பைதான். அடிக்கல் நாட்டு விழாவில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நூலகம், அறிவுசார் மையம், படைப்பகம் எல்லாம் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் அதிகாரிகளுக்கே உண்டு. கிளை நூலகம் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வரும் பொது நூலக இயக்ககத்தைச் சேர்ந்தது. அறிவுசார் மையம் நகராட்சி நிர்வாகத் துறையின் பிள்ளை. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பல நகராட்சிகளில் கட்டினார்கள். முதல்வர் படைப்பகம் என்ற பெயரில் சென்னை கொளத்தூரில் முதலில் கட்டியது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. மூன்றுக்கும் எஜமானர் வேறு, பதிவேடு வேறு. உங்கள் ஊரில் வருவது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற நூலகரை நியமிப்பார்களா, ஒப்பந்தத்தில் ஒரு காவலாளியைப் போட்டுவிட்டுப் போவார்களா என்பது அதைப் பொறுத்தது.

கொளத்தூரில் அப்படி என்னதான் இருக்கிறது?

2024 நவம்பர் 4-இல் திறந்தார்கள். செலவு சுமார் 2 கோடியே 85 லட்சம். ஒரு தளத்தில் லேப்டாப்போடு வந்து வேலை பார்ப்பவர்களுக்கான பகிர்ந்த பணியிடம், 38 இருக்கை. இன்னொரு தளத்தில் மாணவர்களுக்கான கற்றல் மையமும் நூலகமும், 51 பேருக்கு இடம். வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து சாப்பிடத் தனி இடம். திறந்தபோது சொன்ன கட்டணம்: பணியிடத்துக்கு அரை நாள் 50 ரூபாய், முழு நாள் 100, மாதத்துக்கு 2,500, கற்றல் மையத்துக்கு அரை நாள் 5, முழு நாள் 10.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தச் சாப்பாட்டு இடம்தான். நாள் முழுக்கப் படிக்க வரும் பிள்ளை டிபன் பாக்ஸை எங்கே வைத்துத் திறக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பழைய நூலகங்களில் அது படிக்கட்டில் உட்கார்ந்து, சாம்பார் வாசனை உள்ளே வரக்கூடாதே என்ற பயத்தோடு சாப்பிடும். பெயரும் எனக்குப் பிடிக்கும். தெருமுனைப் படிப்பகத்தில் ஓசிப் பேப்பர் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ஒரே எழுத்து மாறிய படைப்பகம் காதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

பத்து ரூபாய் கட்டணம் சரியா என்று கேட்டால், எனக்கு ஒப்பவில்லை. தொகை சின்னது, தெரியும். ஆனாலும் பொது நூலகத்தின் வாசலில் யாரும் பர்ஸைத் தடவக் கூடாது. லேப்டாப்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், அது வேறு.

எங்கள் நகரில் பூங்காவுக்கு என்று விட்ட நிலம் சும்மா கிடக்கிறது. அங்கேயே கட்டலாமே?

கூடாது. மனைப்பிரிவு போடும்போது பூங்கா, விளையாட்டுத் திடலுக்கு என்று பத்து சதவீதம் விட்டு, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கிறார்களே, அது ஓ.எஸ்.ஆர். நிலம். திறந்தவெளியாகவே இருக்கவேண்டும் என்றுதான் அதை வாங்கியிருக்கிறார்கள். அங்கே கட்டடம் எழுப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனாலே வேலை நின்றுவிடும். நூலகம் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஏரிப் புறம்போக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் எங்கே வந்து நின்றது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நனைந்த சோபாவைக் காய வைக்கலாம். நனைந்த புத்தகம் இரண்டு மடங்காக உப்பிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிடும். எந்த இடமானாலும் அந்த வருஷத்து வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கு மேலே தரைமட்டம் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் கறை இன்னும் இருக்கிறது.

நான் சொல்வது, பஸ் நிலையம், மார்க்கெட், ரயில் நிலையம் என்று ஜனங்கள் எப்படியும் வந்துபோகும் இடம். உடைந்த பழைய நகராட்சிக் கட்டடம், மூடிய வரி வசூல் மையம் ஏதாவது அங்கே இருக்கும். சிங்கப்பூரில் தெம்பனிஸ் என்ற புறநகரில் பழைய விளையாட்டரங்கம் இருந்த இடத்திலேயே நூலகம், கால்பந்துத் திடல், நீச்சல் குளம், சமூக மன்றம் எல்லாவற்றையும் சேர்த்து 2017-இல் ஒரே வளாகமாகத் திறந்தார்கள். வேறு வேலைக்கு வந்தவர் புத்தகத்தோடு வீடு திரும்பட்டும் என்ற கணக்கு. அந்த நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த புத்தியை மட்டும் கடன் வாங்கலாம்.

நல்ல மனம் படைத்தவர் ஒருவர் தன் வீட்டு மாடியைத் தருகிறார். கட்டவே வேண்டாமே?

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பொறியாளர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். புத்தக அடுக்கு வைக்கும் அறைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்வது குறைந்தது 600 கிலோ, அதாவது மூன்று மடங்கு. அதுவும் 2.2 மீட்டர் உயர அடுக்குக்குத்தான். உயரம் கூடக்கூட எடையும் கூடும். வாசிப்பு மேஜை மட்டும் போட்டால் தாங்கும். பீரோ பீரோவாகப் புத்தகம் ஏற்றினால் கீழ்வீட்டு சீலிங்கில் கோடு விழும். எங்கள் பாத்திரக் கடைக்காரர் வருஷா வருஷம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

புதுக் கட்டடத்திலும் இதே கணக்குதான். புத்தக அடுக்கு தரைத்தளத்தில், அல்லது எந்தத் தளத்தில் வருமென்று முதலிலேயே முடிவு செய்து அதற்கேற்ற பீம். பிறகு இடம் மாற்றினால் வினை.

குழந்தைகள் சத்தம் போடுவார்கள், தேர்வுக்குப் படிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். எப்படிச் சமாளிப்பது?

மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பின்னால்தான்.

நடப்பதைச் சொல்கிறேன். புது மையம் திறந்த ஒரு மாதத்தில் குரூப் 4, வங்கித் தேர்வு, நீட் என்று தயாராகும் பிள்ளைகள் தெரிந்துகொண்டு வருவார்கள். வரட்டும், வீட்டில் ஒரே அறை, டிவி ஓடும், தம்பி அழுவான், அவர்கள் வேறு எங்கே போவார்கள்? அவர்கள் சொந்தக் கைடு கொண்டுவருகிறார்கள், அடுக்கிலுள்ள புத்தகத்தைத் தொடுவதில்லை. எட்டு மணிக்கு வந்து பையை வைத்தால் அந்த நாற்காலி இரவு வரை அவர்களுடையது. டீக்குப் போனாலும் தண்ணீர் பாட்டில் இடம் பிடித்திருக்கும். பத்து மணிக்கு வரும் பெரியவருக்கு இடமில்லை. நாலு மணிக்குப் பள்ளி விட்டு ஓடிவரும் மூன்றாம் வகுப்புப் பெண் சத்தமாக ஒரு கதையை வாசித்தால் இருபது தலைகள் திரும்பும். அவள் மறுநாள் வரமாட்டாள். ஆறு மாதத்தில் அது நூலகம் இல்லை, ஏசி போட்ட தேர்வுக் கூடம்.

இதில் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. ஒரே ஹாலை வரைந்துவிட்டு எல்லோரும் அமைதியாக இருங்கள் என்று பலகை மாட்டியவர் தப்பு. வரைபடம் போடும்போதே சத்தத்தைப் பிரிக்க வேண்டும். சிறுவர் பகுதி தரைத்தளத்தில், வாசலை ஒட்டி, சத்தமாகப் பேச அனுமதியோடு. நாளிதழ் மேஜையும் தரைத்தளத்தில், மூட்டுவலிக்காரர்கள் படி ஏறாமல். தேர்வுப் படிப்புக்கு மேல்தளம், கதவு வைத்து, ஆளுக்கொரு பிளக் பாயிண்டோடு. புத்தக அடுக்குகளுக்கு நடுவே, எந்தப் பையும் நாள் முழுக்கப் பிடித்துவைக்க முடியாத நாலு நாற்காலி, சும்மா ஒரு நாவலை எடுத்துப் புரட்டுகிறவனுக்கு. அந்த நாலு நாற்காலிக்காக நான் மூன்று கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறேன்.

சமூகக் கூடம் என்றால் காதுகுத்து நடத்தலாமா?

இதைக் கேட்காத கூட்டமே இல்லை. என் பதில்: வேண்டாம். ஒரு தடவை கேஸ் அடுப்பு உள்ளே வந்தால் பிறகு அது மண்டபம்தான். நூலகத்தை ஒட்டிய கூடம் கதை சொல்லல், மருத்துவ முகாம், ஆதார் முகாம், சுய உதவிக் குழுக் கூட்டம், நாடக ஒத்திகை, செஸ் வகுப்பு, குடியிருப்போர் சங்கத்தின் வருடாந்திரச் சண்டை ஆகியவற்றுக்கு.

கூடத்துக்குத் தனி வாசல், தனிக் கழிப்பறை, நடுவில் ஒரு ஷட்டர். நூலகத்தைப் பூட்டிவிட்டு இரவு ஒன்பது வரை கூடத்தை மட்டும் திறந்து வைக்க அப்போதுதான் முடியும். பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாவி நூலகர் வீட்டில் இருக்கும், அவர் வீடு இரண்டு பஸ் தள்ளி இருக்கும். கட்சிக் கூட்டத்துக்குக் கொடுப்பதா என்பதற்கு எழுத்தில் ஒரு விதி வேண்டும்: எல்லோருக்கும், அல்லது யாருக்கும் இல்லை.

ஏசி வேண்டுமா?

படிப்பு அறைக்கு மட்டும். மற்ற இடங்களுக்கு வடக்கே பெரிய ஜன்னல், மேற்குச் சுவரில் ஆழமான சன்ஷேட், உயரமான கூரை. நான்கு பக்கமும் கண்ணாடி ஒட்டிய முகப்பு போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மே மாதம் அதற்குள் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்.

பெண்கள் வருவார்களா?

சுத்தமான, உள்ளே தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறையும், தெருவில் விளக்கும் இருந்தால் வருவார்கள். நாப்கின் போடும் தொட்டியையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான சாய்தளமும் வேண்டும், 1-க்கு 12 என்ற அளவில், அதாவது ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம்மூரில் பைக் ஏற்றுவதற்குப் போடும் செங்குத்துச் சரிவைச் சாய்தளம் என்று காட்டிக் கணக்கு முடித்துவிடுவார்கள். டேப் வைத்து அளந்து பாருங்கள்.

எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?

நாம் சும்மா இருக்கும் நேரத்தில். வேலைக்குப் போகிறவர் தாம்பரத்திலோ ஆவடியிலோ ரயிலை விட்டு இறங்க ஏழரை ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி ஒன்பது மணியும் இல்லாத நூலகம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமான நூலகம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளி விடுமுறை என்ற நல்ல வழக்கம் உண்டு, ஞாயிறு திறந்திருக்கும். புது மையம் அதைக் காப்பாற்ற வேண்டும். நீண்ட நேரம் திறக்க இரண்டு ஷிஃப்ட் ஆள் வேண்டும். கட்டடத்தில் ஒரு தளம் குறைந்தாலும் பரவாயில்லை, ஓர் ஆள் கூடட்டும் என்பது என் கட்சி. இதில் வாசகர் வட்டத்திலேயே எனக்கு எதிர்ப்பு உண்டு.

வீட்டிலுள்ள பழைய புத்தகங்களைக் கொடுக்கலாமா?

கொடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நானே மறுபடி படிப்பேனா? அறிவிப்பு வந்த வாரமே மூட்டை மூட்டையாக வருவது பழைய சிலபஸ் கைடு, காலாவதியான வரிச் சட்டம், முதல் பக்கம் கிழிந்த ஜோதிடம். அதைத் தூசு தட்டி, பதிவேட்டில் ஏற்றி, எண் போட ஆகும் உழைப்பு உங்களுக்குத் தெரியாது. 1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருங்கள், பலகையில் பெயர் எழுதுவார்கள். அது மேல்.

போனிலேயே எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. நாற்காலி இல்லை.

நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?

2022-இல் விதிகள் வந்தபின் நகர்ப்புற வார்டுகளிலும் பகுதி சபை உண்டு, கிராம சபை மாதிரி. பலருக்குத் தெரியாது, நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று விசாரித்துப் பாருங்கள். அங்கே எழுந்து பேசி, பேசியதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கவுன்சிலரிடம் தனியாகச் சொன்னது காற்றோடு போகும்.

டெண்டர் போவதற்கு முன் வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். பிறகு ஒரு சுவரை நகர்த்தவும் திருத்திய எஸ்டிமேட், மறு அனுமதி என்று இழுக்கும். காட்ட மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தரவேண்டும். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: எத்தனை நூலகர் பணியிடம், எந்தக் கணக்கிலிருந்து சம்பளம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை.

கட்டி முடியும் வரை பழைய நூலகம் என்ன ஆகும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். ஆறு மாதம்தான் என்று சொல்லி மூடுவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஒரு பள்ளியின் பின்னறையில் போட்டார்கள். மூன்று மழைக்காலம் போனது. திறந்து பார்த்தபோது அடி வரிசைச் சாக்குகள் தூக்க வராமல் தரையோடு பிய்ந்தன. கரையான் முதலில் தின்றது பதிவேட்டை. எது போனது, எது இருக்கிறது என்று சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று.

அதனால் பழைய கதவைப் பூட்டும் நாளுக்கு முன்பே தற்காலிக இடத்தின் சாவி நூலகர் கையில் இருக்க வேண்டும். சின்ன அறை போதும், தரைத்தளமாக இருக்கட்டும். பதிவேட்டை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். அடுக்குகள் மெதுவாக வரட்டும். நாளிதழ் மேஜையை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள். பெரியவர் பூதக்கண்ணாடியோடு ஏழே முக்காலுக்கு வந்து நிற்பார்.